ஏலக்காரன் பேசாத ஐப்பசி

செப்டம்பர் 23, திங்கள்

இன்று சந்தை. நான் வீட்டில்.

முப்பத்தொரு வருடமாகத் திங்கள், புதன், வெள்ளி என்றால் காலை ஏழு மணிக்கு வெங்காயப் பேட்டையில் மூட்டைக்கு முன்னால் நிற்பேன். பெருநாளும் என்னைப் பெத்த அத்தா மவுத்தாகி அடக்கமான நாளும் தவிர ஒரு சந்தை தவறியதில்லை. மூட்டையை அவிழ்த்து ரெண்டு கை வெங்காயத்தைத் தரையில் கொட்டினால் என் வாய் தானாகத் திறக்கும். கையூம் பாய் கூவினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மகளைக் கட்டிக் கொடுத்தேன், இந்த வீட்டுக்கு மாடி எடுத்தேன்.

போன வியாழக்கிழமை தொண்டையில் ஆபரேஷன். குரல் நரம்பில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி. எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "இருபத்தொரு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். அக்டோபர் பத்தாம் தேதி வாங்க. திரும்ப ஏலம் கூவலாமா வேண்டாமான்னு அன்னைக்குத்தான் சொல்வேன்" என்றார் டாக்டரம்மா.

என் மகள் ஃபாயிஸா திருப்பூருக்குத் திரும்புமுன் இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தாள். "அத்தா, வேணுங்கிறத இதுல எழுதி அம்மாகிட்ட காட்டுங்க." அட்டையில் பூனைப் படம். முன்பக்கத்தில் "காப்பி", "ஃபேனைக் குறை", "கொசு" என்று எழுதித் தாஹிராவிடம் காட்டுகிறேன். கடைசிப் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். இது யாருக்கும் காட்ட அல்ல. எங்காவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வெஞ்சனத்தில் உப்பில்லை. எழுதிக் காட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

சந்தை நாள். ஏழு மணிக்கு மொட்டைமாடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆட்டோ, பால்காரன், பக்கத்து வீட்டு மிக்ஸி. பேட்டை இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். என்ன கேட்கும்? மடையன் நான்.

பதினோரு மணிக்கு மண்டி முதலாளி பழனிக்குமார் போன் செய்தார். தாஹிரா ஸ்பீக்கரில் போட்டாள். "பாய், ஒண்ணும் யோசிக்காதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க. எடை போடுற நம்ம மதியழகன கூவ விட்டிருக்கேன். சமாளிக்கிறான்."

சமாளிக்கிறானாம். பேசியது முதலாளி, அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. போனை விரலால் தட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "சரி பாய், சரி பாய்" என்று வைத்துவிட்டார்.

முப்பத்தொரு வருடம். ஒரு வாரத்தில் சமாளித்துவிட்டான்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனேன். பள்ளிவாசலில் ஆளாளுக்கு ஸலாம் சொல்கிறார்கள். பதில் ஸலாம் சொல்லாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட அவஸ்தை. கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஆட்டினேன். பிரியாணிக் கடை அப்துல் ஹக்கீம் பார்த்துவிட்டு, "என்ன கையூம், வாய்க்கு நம்மூர்ப் பூட்டா? சாவி டாக்டர்கிட்டயா?" என்றான். பூட்டுக்குப் பேர்போன ஊர் இது, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்று பதில் தொண்டை வரை வந்தது, மூன்றையும் விழுங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு அதைவிட நல்ல நாலாவது பதிலும் வந்தது.

செப்டம்பர் 28, சனி

தாஹிராவோடு சண்டை. சண்டை என்றால் அவள் மட்டும் போட்ட சண்டை.

தண்ணீர் வெந்நீராக இல்லை என்று டம்ளரை டொக்கென்று வைத்தேன். அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "இருபத்தொம்பது வருசமா வீட்டுலயும் ஏலம்தான் நடந்துச்சு. நீங்க கேட்பீங்க, நீங்களே மூணு தரம் சொல்லி முடிச்சுருவீங்க. நான் ஒரு தடவ வெல சொல்லியிருக்கேனா? இப்பச் சொல்றேன், கேளுங்க." சொன்னாள். ஃபாயிஸா பிறந்த வருடத்திலிருந்து சொன்னாள்.

நான் ஒரு பக்கம் முழுக்க எழுதி நீட்டினேன். "கண்ணாடி மேல இருக்கு, நாளைக்குப் படிக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் சொன்னதில் பாதி நியாயம். பாதிதான்.

செப்டம்பர் 30, திங்கள்

யா அல்லாஹ், இதை எப்படி எழுதுவது.

தாஹிராவுக்குத் தெரியாமல் பேட்டைக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். தூணுக்குப் பின்னால் நின்றேன். சித்தையன்கோட்டைச் சின்னக்கண்ணுவின் ஆறு மூட்டை வந்திருந்தது. நல்ல காய், சிவப்பு, ஒரே அளவு. நேற்றுத்தான் பிடுங்கியது, ஈரம் மட்டும் கொஞ்சம் இருந்தது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்கள். அந்த நேரத்தில் கூவுகிறவன் அவசரப்படக்கூடாது. ஒரு காயை எடுத்து உரித்துக் காட்ட வேண்டும், எவனையாவது ஒருத்தனை வம்புக்கு இழுத்து ரோஷம் வரவைக்க வேண்டும். மதியழகனோ எடை போடுகிற மாதிரியே கூவுகிறான். ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஓடுகிறான். சின்னக்கண்ணு துண்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அடிமாட்டு விலைக்குப் போகப்போகிறது.

நிறுத்துடா என்று கத்த வேண்டும். கத்த முடியாது. கையைத் தூக்கினேன்.

எங்கள் பேட்டையில் கை தூக்கினால் அடுத்த விலை. வாயால் சொல்லத் தேவையில்லை. இது பேட்டையில் பொறுக்க வரும் ஆட்டுக்குக்கூடத் தெரியும். முப்பத்தொரு வருடம் அந்தக் கைகளைப் பார்த்தே கூவியவன் நான்.

"மூணு தரம்" என்றான் மதியழகன். "கையூம் பாய்க்கு."

பேட்டையே சிரித்தது. பழனிக்குமார் ஓடிவந்து, "தெரியாமத்தான தூக்குனீங்க? தள்ளி வச்சிரட்டுமா பாய்?" என்றார். சரி என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால் நாலு வருடத்துக்கு முன்னால் ஈ ஓட்டக் கை தூக்கிய அப்துல் ஹக்கீமை எட்டு மூட்டை எடுக்க வைத்தவன் நான். "தூக்குன கை தூக்குனதுதான்" என்று ஊருக்கே கேட்கக் கூவினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

சின்னக்கண்ணு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாயி, ஒடம்பு முடியாத நேரத்துலயும் எனக்காக எடுத்தீங்களே." இல்லை ஐயா, தவறுதலாக நடந்தது என்று சொல்லக்கூட வாயில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

லோடு ஆட்டோவில் ஆறு மூட்டையோடு வந்து இறங்கினேன். தாஹிரா வாசலில் நின்றாள். நோட்டில் "கை தூக்கிவிட்டேன்" என்று எழுதிக் காட்டினேன். இன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். படித்தாள். படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அவள் இப்படிச் சிரித்து எத்தனை வருடம் இருக்கும் என்று யோசித்தேன். கணக்கு வரவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

ஈரக் காயை மூட்டையில் விட்டால் நாலு நாளில் அழுகிவிடும். மாடி முழுக்கப் பரப்பினோம். நடக்க ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டோம். வெயில் கொளுத்துகிறது. "புரட்டாசியில பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும். எதுக்கும் தார்ப்பாயக் கொண்டாந்து வைங்க" என்றாள்.

காவலுக்கு ஆள் வேண்டுமே. தண்ணீர்த் தொட்டி நிழலில் பாயைப் போட்டுப் படுத்தேன். வெங்காயத்துக்கும் எனக்கும் ஒரே வைத்தியம்தான், பரப்பிப் போட்டுக் காற்றாட விடுவது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது மணி நாலு. பகலில் தூங்கி எழுந்தது திருடிவிட்டு வந்தது போல இருந்தது. யாராவது பார்த்தார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

மதியம் தாஹிரா வெங்காயத்தைப் புரட்டிவிட மாடிக்கு வந்தாள். புரட்டினவள் உருண்டையாக ஐந்து காய் பொறுக்கி என் பாயில் உட்கார்ந்து சொட்டாங்கல் ஆட ஆரம்பித்துவிட்டாள். ஒன்றை மேலே போட்டு, கீழே கிடப்பதை அள்ளி, விழுவதைப் பிடித்து – கை பறக்கிறது. இவளுக்கு இது தெரியும் என்று இன்றுதான் எனக்குத் தெரியும். ஐம்பது வயதுப் பொம்பளை.

"நீங்க ஆடுங்க." நான் ஆடினேன். என் மூக்கில் விழுந்தது. "ஒரு தரம்" என்றாள். மறுபடி விழுந்தது. "ரெண்டு தரம்." என் தொழிலை வைத்தே என்னைக் கேலி செய்கிறாள். எனக்கு வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினேன். சிரிப்பும் சத்தம்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் தொண்டையைப் பற்றி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று இப்போது எழுதும்போது பயம் சேர்த்து வைத்து வருகிறது.

அக்டோபர் 5, சனி

போச்சு. எல்லாம் போச்சு என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் சிறுமலைப் பக்கம் கறுத்தது. கறுத்ததுதான் தெரியும், அதற்குள் மழை தலைமேல். ரெண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. காற்று தார்ப்பாயைத் தூக்கியது. அவளையும் சேர்த்து ரெண்டடி இழுத்துப் போனது. விடாமல் பிடித்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அவள் தலையில். நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. ஹோ என்று.

சத்தம் வந்தது. பதினாறு நாளுக்குப் பிறகு என் சத்தம். கிழிந்த துணி மாதிரி ஒரு சத்தம்.

ரெண்டு பேரும் மழையில் அப்படியே நின்றோம். நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வந்து என் கைமேல் கையை வைத்தாள். "ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது ஒரு சிரிப்பில் போயிற்றா?

அக்டோபர் 6, ஞாயிறு

எச்சில் விழுங்கவும் பயமாக இருக்கிறது. எங்கும் போகவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

சந்தை. மாடிக்குப் போகவில்லை, காது கொடுக்கவும் இல்லை.

அப்துல் ஹக்கீம் வந்தான். மாடியில் குவியலைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான். "நாலு வருசமா இந்த நாளுக்குத்தான் துஆ செஞ்சேன்" என்றான். ரெண்டு மூட்டையைக் கடைக்கு எடுத்துக்கொண்டான். போகும்போது, "என்னைய எட்டு எடுக்க வச்ச, நான் ரெண்டு எடுக்கிறேன். மனசாச்சி உள்ளவன்டா நானு" என்றான். மதியம் பிரியாணி கொடுத்து அனுப்பினான். எனக்கென்று தனியாகக் காரமில்லாமல்.

அக்டோபர் 9, புதன்

நாளைக்கு டாக்டர். தாஹிரா நோன்பு பிடிப்பதாக நிய்யத், நேர்ச்சை, வைத்திருக்கிறாள். எனக்காகவா என்று எழுதிக் கேட்டேன். "பின்ன வெங்காயத்துக்கா?" என்றாள்.

அக்டோபர் 10, வியாழன்

சோதனையில் கெட்டது ஒன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். தாஹிரா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

சிரித்ததைச் சொன்னோம். "அது பரவாயில்லை, ஒரு சிரிப்புல ஒண்ணும் ஆகலை" என்றார் டாக்டரம்மா. குழாயை விட்டுப் பார்த்தார். "ஆ சொல்லுங்க." சொன்னேன். "பேரு சொல்லுங்க." அப்துல் கையூம் என்றேன். மணலில் கூடை இழுத்தது போல வந்தது.

"இதுக்கு மேல கொஞ்சம் தெளியும். வீட்டுல பேசலாம், போன்ல பேசலாம். ஏலம் முடியாதுங்க. முப்பது வருசம் அந்த நரம்பை அடிச்சிருக்கீங்க. திரும்பக் கூவுனா மறுபடி கட்டி வரும். அப்ப பேச்சும் போயிரும்."

ஆறு மாசம் கழிச்சு, என்று கேட்டேன்.

"இல்லைங்க."

எனக்கு ஐம்பத்தாறு வயது. வேறு என்ன தெரியும் எனக்கு? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொல்லும். வாயை நம்பித்தான் வளர்த்தது. பஸ்ஸில் வரும்போது பேச அனுமதி இருந்தது. பேசவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

யாரும் இல்லாத நேரம் மாடியில் நின்று கூவிப் பார்த்தேன். சும்மா, மெதுவாக. ஒரு தரம் என்பதில் "தரம்" வரவேயில்லை. காற்றுத்தான் வந்தது.

அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

அக்டோபர் 16, புதன்

பழனிக்குமார் மைக் வாங்கி வைத்திருந்தார். "வாய்கிட்ட வச்சு மெதுவாப் பேசுங்க பாய், போதும்" என்றார். நல்ல மனுஷன். தாஹிரா வேண்டாம் என்றாள், டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொன்னாள். கூவ மாட்டேன், பேச மட்டும்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மைக்கில் வந்தது வேறு யாரோ. ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் சொல்கிற குரல். ஆனால் அது கூடப் பரவாயில்லை. வியாபாரிகள் எல்லோரும் அமைதியாக நின்றார்கள். ஒருத்தனும் என்னை வம்புக்கு இழுக்கவில்லை. "இம்புட்டு வெல ஓவர் பாய்" என்று ஒருத்தன் கூடச் சண்டைக்கு வரவில்லை. மரியாதையாகக் கை தூக்கினார்கள். மய்யித்து விழுந்த எழவு வீட்டில் நிற்பது போல நின்றார்கள்.

மூன்று பேர் மூட்டைக்கு மட்டும் விலை சொன்னேன். மைக்கை மதியழகன் கையில் கொடுத்தேன். "பாய், நான் உங்க எடத்துக்கு ஆசப்படல" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தெரியும், எடை போடுகிறவனுக்கு ஆசை எடையில்தான். அவசரப்படாமக் கூவு என்று மட்டும் சொன்னேன். கேட்டதோ இல்லையோ.

திரும்பி நடந்து வந்தேன். தூறல்.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி பிறந்துவிட்டது. காலையிலிருந்து மழை. படுத்திருந்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

படுத்திருந்தேன். தொழுகைக்கு மட்டும் எழுந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஃபாயிஸா போனில், "அத்தா, இப்பவாச்சும் நிம்மதியா இருங்க, ஓய்வா இருங்க" என்றாள். ஓய்வு என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது எந்தக் கடையில் கிடைக்கிறது? எனக்கு அதில் பழக்கமில்லை. முதுகு வலிக்கிறது. பகல் இம்புட்டு நீளம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 23, புதன்

பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக ஒன்றரை மூட்டை மிச்சம். அதில் பாதி அழுகிவிட்டது. நாற்றம் படி இறங்கி வருகிறது. தாஹிரா என்னை எழுப்பி மாடிக்குக் கூட்டிப் போனாள். மழை விட்டிருந்தது.

பின்னால் உள்ள காலி மனையில் "இந்த இடம் விற்பனைக்கு" என்று ஒரு தகரப் பலகை, ரொம்ப நாளாகச் சாய்ந்து கிடக்கிறது. தாஹிரா ஒரு அழுகின வெங்காயத்தை எடுத்து அதைப் பார்த்து எறிந்தாள். படவில்லை. என் கையில் ஒன்றைக் கொடுத்தாள். "எறிங்க. யார் மேல கோவமோ அவுக பேரச் சொல்லி எறிங்க."

டாக்டரம்மா பேரைச் சொல்ல மனது வரவில்லை. மதியழகன் பாவம். யார் பேரும் கிடைக்காமல் சும்மா எறிந்தேன். முதல் நாலும் கோபத்தில் எறிந்தேன், எங்கெங்கோ போனது. ஐந்தாவதைக் குறி பார்த்து எறிந்தேன். டங்.

"என்னது ஒங்களுக்குப் பட்டுருச்சு" என்று அவள் ரெண்டு கையிலும் அள்ளினாள். பதினெட்டுக்குப் பதினொன்று. நான்தான் ஜெயித்தேன். அவள் நாங்கள் கிழித்த கோட்டைத் தாண்டி நின்று எறிந்தாள், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பதினொன்று.

கீழே வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினேன். திருட்டுத்தனமாக இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எதிர்வீட்டுக் கௌசல்யா முறுக்குக் கொண்டு வந்தது. "அண்ணே, நீங்க பேசி நான் கேட்டதே இல்ல, கத்தித்தான் கேட்டிருக்கேன்" என்றது. ஏச்சா, பாராட்டா என்று தெரியவில்லை. முறுக்கு நன்றாக இருந்தது.

நவம்பர் 2, சனி

பழனிக்குமார் வந்தார். காலையில் ரெண்டு மணி நேரம் வந்து காய் தரம் பார்த்துச் சொன்னால் போதும் என்றார். பேச வேண்டாம், கையால் காட்டினால் போதுமாம். கையால் காட்டுவதில் நமக்கு நல்ல ராசி என்றேன். சிரித்தார். தை பிறக்கட்டும், யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகு தாஹிரா கேட்டாள், "போகணும்னு இருக்கா?" இருக்கு என்றேன். இல்லாமல் எப்படி இருக்கும்? இதெல்லாம் ஒரு மாதத்தில் போகிற காய்ச்சலா?

நவம்பர் 5, செவ்வாய்

ஆத்தூர் அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று ஹக்கீம் சொன்னான். பார்த்துவிட்டு வரலாம் என்று தாஹிரா ஆறரை மணிக்கே பர்தாவைப் போட்டுக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் கேட்டாளாம், சந்தை இருக்கிறது என்றேனாம். எனக்கு நினைவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை. காசைச் சுண்டிப் பார்த்தோம், அவள் ஜெயித்தாள். மழை பெய்து வயலெல்லாம் பச்சை. தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு மீன் வறுவல் தின்றோம். அவளுக்கு முள் எடுத்துக் கொடுத்தேன். அவள் காலால் தண்ணீரை அடித்தாள், நானும் அடித்தேன். பக்கத்தில் இருந்த குடும்பம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. திரும்பி வரும்போது ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள், நான் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கினேன். தூங்கியதில் எங்கள் ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தோம்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நோட்டை எடுத்து மேலே தேதி போட்டு இவ்வளவும் எழுதியாயிற்று. தாஹிரா டீயை வைக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க செவ்வாய்னு போட்டிருக்கீங்க? இன்னைக்குப் புதன்ல."

புதன்.

ஏழு மணிக்கு மூட்டையை அவிழ்த்திருப்பார்கள். மதியழகன் கூவியிருப்பான். அந்நேரம் நான் பஸ்ஸில் காசைச் சுண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நினைப்பு வரவில்லை. யாரோ செத்ததை மறந்து கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி ஆகிவிட்டது. அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

"என்னாச்சு?" என்றாள், டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், அங்கிருந்தே.

ஒண்ணுமில்ல என்றேன், இந்தக் குரலில், உட்கார்ந்த இடத்திலிருந்தே. அவளுக்குக் கேட்டது.